பி.ஆர்.ஓ வைக்கலாமா, நாமே பார்த்துக்கொள்ளலாமா?

புத்தகம் எழுதி முடித்தவர்கள், சொந்தமாக ஆல்பம் வெளியிடுகிறவர்கள், சின்னதாக ஒரு கம்பெனி ஆரம்பித்தவர்கள் என்று பலரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் இடம் இது. வேலை முடிந்துவிட்டது, நன்றாகவும் வந்திருக்கிறது, ஆனால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஒரு நல்ல பி.ஆர்.ஓவை, அதாவது நம்மைப் பற்றி ஊடகங்களிடம் எடுத்துச் சொல்லும் மக்கள் தொடர்பு ஆளைப் பிடித்தால் பத்திரிகை, டிவி, யூடியூப் என்று எல்லாவற்றிலும் வந்துவிடலாமே என்று தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் இப்படி யோசிக்கிற பலருக்கு அந்த நேரத்தில் பி.ஆர்.ஓ தேவையே இல்லை என்பது என் கட்சி. நிஜமாகவே தேவைப்படுகிறவர்களோ அவசரத்தில் தப்பான ஆளைப் பிடித்துவிடுகிறார்கள்.

அவர் செய்யும் வேலை என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். விளம்பரத்தில் காசு கொடுத்து இடம் வாங்குகிறோம், இடமும் நிச்சயம், வாசகமும் நம்முடையது. பி.ஆர்.ஓவோ எந்தப் பத்திரிகையாளர் எதைப் பற்றி எழுதுகிறார் என்று தெரிந்துவைத்திருந்து, உங்கள் விஷயத்தை அவர் காதில் ஏறுகிற மாதிரி எடுத்துச் சொல்லி, பதில் வரும்வரை பின்னாலேயே போகிறவர். எழுதுவதா வேண்டாமா என்பது கடைசிவரை பத்திரிகையாளர் கையில்தான் இருக்கும். இந்தக் கோடு பழையது. இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீ 1906-ல் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய கொள்கை அறிக்கையிலேயே, நாங்கள் விளம்பர ஏஜென்சி கிடையாது, நாங்கள் அனுப்புவது உங்கள் விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டியது என்று தோன்றினால் அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார். ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போவது ஒருவருடைய முயற்சியை. அந்த முயற்சி நீங்களே செய்வதைவிட எவ்வளவு மேலாக இருக்கும் என்பதுதான் முழுக் கணக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

சொல்ல ஒரு செய்தி இருக்கிறதா? எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான், பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். "என் புத்தகம் வந்துவிட்டது" என்பது உங்களுக்குப் பெரிய சேதி, பத்திரிகையாளருக்கு அன்று காலை வந்த மெயில்களில் இன்னொன்று. விஷயம் என்ன, ஏன் இப்போது, அதைச் சொல்ல ஏன் நீங்கள் என்பதற்கு இரண்டு வரியில் பதில் வர வேண்டும். தூக்கமின்மை பற்றி ஒரு நர்ஸ் புத்தகம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புத்தகம் வந்தது செய்தி ஆகாது. பல வருடம் நைட் ஷிப்ட் பார்த்த ஒருவர், ஷிப்ட் அட்டவணையை எப்படிப் போட்டால் உடம்பு தாங்கும் என்று அனுபவத்திலிருந்து சொல்கிறார் என்றால் அது செய்தி. நாவலுக்கும் கவிதைக்கும் இது கஷ்டம், ஏனென்றால் அங்கே பிடித்துக்கொள்ள ஒரு தலைப்பு கிடைக்காது. அதனால்தான் கட்டுரை நூல்களுக்குக் கிடைக்கிற கவனம் அதே பி.ஆர்.ஓ வேலை செய்தாலும் முதல் நாவலுக்குக் கிடைப்பதில்லை. செய்தி இல்லாத இடத்தில் செய்தியை உண்டாக்க எந்த பி.ஆர்.ஓவாலும் முடியாது, இருப்பதை நல்ல கோணத்தில் திருப்பி வைக்கத்தான் முடியும்.

காலம் மிச்சம் இருக்கிறதா? அச்சில் வரும் மாத இதழ்கள் மூன்று முதல் ஆறு மாதம் முன்னாலேயே திட்டம் போட்டுவிடுகின்றன. அமெரிக்காவின் பப்ளிஷர்ஸ் வீக்லி, லைப்ரரி ஜர்னல் மாதிரி, புத்தகம் வெளிவருவதற்கு முன்பே விமர்சனம் போடும் இடங்களுக்குப் பிரதி மூன்று, நாலு மாதம் முன்னால் போய்ச் சேர வேண்டும். பாட்டு என்றால், ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழு தொகுக்கும் பிளேலிஸ்ட்டுக்கு இன்னும் வெளிவராத பாட்டைத்தான் சமர்ப்பிக்க முடியும், அதைக் கலைஞரே இலவசமாகச் செய்யலாம். குறைந்தது ஏழு நாள் முன்னால் அனுப்பினால் உங்களைப் பின்தொடர்கிறவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலிலும் வரும். ஆன்லைன் ஊடகத்துக்குச் சில நாள், சில சமயம் சில மணி நேரம் போதும். எல்லாம் வெளிவந்து இரண்டு மாதம் கழித்து "சத்தமே இல்லையே" என்று பி.ஆர்.ஓவைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். அதற்குள் பாதிக் கதவு மூடியிருக்கும்.

கேள்விப்பட்டு வருகிறவர்கள் எங்கே போவார்கள்? ஒரு நல்ல கட்டுரை வந்து, படித்தவர் உங்கள் பெயரைத் தேடினால் அரைகுறையான ஒரு வலைப்பக்கம், ஸ்டாக் இல்லாத புத்தகம், பதில் சொல்லாத மெயில் முகவரி என்று இருந்தால் அந்தக் கட்டுரை வீண். இதைச் சரிசெய்ய பி.ஆர்.ஓ தேவையில்லை, ஆனால் அவர் வருவதற்கு முன் செய்து முடித்திருக்க வேண்டும்.

யார் பேசப் போகிறார்கள்? பேட்டிக்கு நீங்கள்தான் உட்கார வேண்டும். கேமராவைக் கண்டால் ஓடுகிறவர் என்றால், முதலில் எழுத்துப் பேட்டிகளில் ஆரம்பிக்க முடியுமா என்று பாருங்கள்.

போட்ட பணம் ஒரு பைசா திரும்பாவிட்டால் தாங்குமா? கடன் வாங்கி பி.ஆர்.ஓ வைக்காதீர்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

## ஒரு பார்வையில்

| வழி | பணம் | உங்கள் நேரம் | தொடர்புகள் | பின்னால் மிஞ்சுவது |
|---|---|---|---|---|
| நாமே செய்வது | மிகக் குறைவு | மிக அதிகம் | பூஜ்யத்திலிருந்து | உறவுகள் எல்லாம் உங்களுடையவை |
| சில மணி நேர ஆலோசனை | குறைவு | அதிகம் | வழிகாட்டல் மட்டும் | கோணம், பட்டியல், பழக்கம் |
| தனியாக வேலை செய்யும் பி.ஆர்.ஓ | நடுத்தரம் முதல் அதிகம் | நடுத்தரம் | ஒரு துறையில் ஆழம் | வந்த கட்டுரைகள், சில அறிமுகங்கள் |
| ஏஜென்சி | மிக அதிகம், மாதாமாதம் | நடுத்தரம் | பல துறை, பல ஊர் | கட்டுரைகள், பயிற்சி, ஆவணங்கள் |
| "கியாரண்டி" பேக்கேஜ் | குறைவு போலத் தெரியும் | குறைவு | இல்லை | யாரும் படிக்காத லிங்க்குகள் |

## நாமே செய்வது

பலரும் நினைக்கிற அளவுக்கு இது கஷ்டமில்லை, ஆனால் பலரும் செய்கிற விதத்தில் செய்தால் பலிக்காது. இருநூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்புவது செய்கிற விதம். பலிக்கிற விதம் வேறு: உங்கள் விஷயத்தைப் பற்றிச் சமீபத்தில் எழுதிய, பேசிய இருபது முப்பது பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் செய்ததை உண்மையிலேயே படித்துவிட்டு அல்லது கேட்டுவிட்டு, தனித்தனியாகச் சின்ன மெயில் எழுதுவது. மூன்று பத்தி போதும். இணைப்பில் பெரிய ஃபைல் வேண்டாம், லிங்க் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கூடவே உங்கள் தளத்தில் ஊடகத்துக்கென்று ஒரு பக்கம் வேண்டும்: ஒரு வரி அறிமுகம், ஒரு பத்தி அறிமுகம், அச்சுக்குத் தாங்கும் தரத்தில் புகைப்படம், அட்டைப்படம், தொடர்பு. டெட்லைனில் இருக்கும் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு உங்களிடம் போட்டோ கேட்டுக் காத்திருக்க மாட்டார்.

பத்திரிகையாளர்களே "இந்த விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்" என்று கேட்கும் சேவைகளும் உண்டு. பீட்டர் ஷாங்க்மன் 2008-ல் தொடங்கிய ஹாரோ அதில் பெயர் பெற்றது. கைமாறி, பெயர் மாறி, 2024 கடைசியில் மூடப்பட்டு, 2025-ல் வேறொரு நிறுவனத்தின் கீழ் திரும்ப வந்தது. இந்த மாதிரி சேவைகள் வரும் போகும், ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும், சீக்கிரமாக, மேற்கோள் காட்டத் தகுந்த இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்கிறவர்களுக்கு இவற்றில் இடம் கிடைக்கிறது. தலைவலி என்னவென்றால் இப்போது ஏஐ எழுதிக் கொடுத்த பதில்கள் இவற்றில் கொட்டுகின்றன. சொந்த அனுபவத்தின் வாடை அடிக்கிற பதிலுக்கு அதனாலேயே மதிப்பு கூடியிருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். அப்புறம் மனசு. நம்மைப் பற்றி நாமே எழுதி அனுப்பி, பதிலே வராமல் உட்கார்ந்திருப்பது எல்லாருக்கும் ஒத்துவராது. ஆனால் சின்ன பாட்காஸ்ட், துறை சார்ந்த இதழ், நியூஸ்லெட்டர் ஆகியவைதான் உங்கள் இலக்கு என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. அங்கெல்லாம் மெயிலைத் திறப்பவரும் முடிவு எடுப்பவரும் ஒரே ஆள், படைத்தவரே நேரடியாக எழுதுவதை அவர்களில் பலர் விரும்பவும் செய்கிறார்கள்.

## சில மணி நேர ஆலோசனை

இது இருப்பதே நிறைய பேருக்குத் தெரிவதில்லை. மாதக் கணக்கில் அமர்த்தாமல், அனுபவமுள்ள ஒரு பி.ஆர்.ஓவிடம் சில மணி நேரத்துக்கு மட்டும் பணம் கொடுத்து, கோணம் சரியா, மெயில் எப்படி இருக்கிறது, பட்டியலில் யாரை விட்டுவிட்டோம் என்று பார்த்துக்கொண்டு, அனுப்புகிற வேலையை நாமே செய்வது. கையில் கொஞ்சம் பணமும் நிறைய நேரமும் இருக்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். இன்னொரு லாபமும் உண்டு, அந்த ஆளோடு பின்னால் பெரிய வேலை செய்யலாமா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

## தனியாக வேலை செய்யும் பி.ஆர்.ஓ

இதில் பெரிய லாபம், உங்களிடம் பேசுகிற ஆளே வேலையையும் செய்வார். பெரும்பாலும் ஒரு துறையிலேயே ஊறியவராக இருப்பார். புத்தகம் மட்டும், இசை மட்டும், உணவு மட்டும் என்று இருப்பவருக்கு அந்தத் துறையைப் பற்றி எழுதுகிற இருபது பேரையும் நன்றாகத் தெரியும், அவர் மெயில் அனுப்பினால் திறப்பார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும் என்பதால், நல்லவர் என்றால் வருகிற எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்.

பலவீனமும் அதே இடத்தில்தான். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் உங்கள் வேலை நின்றுவிடும். உங்கள் வெளியீட்டு மாதத்தில் பெரிய பெயர் ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தால் நீங்கள் இரண்டாம் இடத்துக்குப் போவீர்கள். ஒரே ஒரு வெளியீடு, தேதி தெரியும், துறை தெளிவு என்கிற நிலைமைக்கு இதுவே பொருத்தம். முடிவுத் தேதியோடு ஒரு தனி வேலையாகப் பேசிக்கொள்ளுங்கள், முடிவில்லாத மாதக் கட்டணமாக வேண்டாம்.

பதிப்பகமோ இசை நிறுவனமோ உங்களுக்கு இருந்தால் ஒரு எச்சரிக்கை. அவர்களுக்குள்ளேயே ஒரு பி.ஆர் ஆள் இருப்பார், கையில் ஏகப்பட்ட தலைப்புகளோடு. அவர் உங்களுக்கு என்ன செய்யப் போகிறார், எத்தனை வாரம் செய்வார், யாரையெல்லாம் தொடுவார் என்று முதலில் கேட்டு வாங்குங்கள். அவர் தொடாத இடங்களுக்கு மட்டும் வெளியாளை வையுங்கள். ஒரே பத்திரிகையாளருக்கு ஒரே புத்தகத்தைப் பற்றி இரண்டு பேர் வேறு வேறு மாதிரி எழுதினால் இருவர் மானமும் போகும், கூடவே உங்களுடையதும்.

## ஏஜென்சி

வருடம் முழுக்கச் சொல்ல ஏதாவது இருக்கும் நிறுவனம், பல ஊர் பல மொழியில் ஒரே நாளில் அறிவிக்க வேண்டிய விஷயம், ஏதோ பிரச்சினை வெடித்து நாலா பக்கமும் கேள்வி வருகிற நேரம் என்றால் ஏஜென்சிக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. ஆள்பலம், பேட்டிப் பயிற்சி, ஊடக டேட்டாபேஸ் எல்லாம் அவர்களிடம் உண்டு. தனி நபருக்கு, ஒரு புத்தகத்துக்கு, முதல் ஆல்பத்துக்கு இது பெரும்பாலும் தேவைக்கு மீறிய சட்டை.

முதல் மீட்டிங்கில் நிறுவனரும் சீனியர்களும் வந்து அசத்துவார்கள், கையெழுத்து போட்டபின் உங்கள் கணக்கைப் பார்ப்பவர் போன மாதம் சேர்ந்த பையனாக இருப்பார். ஜூனியர் என்பதாலேயே மோசம் என்று இல்லை, சுறுசுறுப்பான ஜூனியர் சோம்பேறி சீனியரைவிட எவ்வளவோ மேல். ஆனால் யார் என்று முன்கூட்டியே தெரிந்து, அவரோடு பேசியும் பார்த்திருக்க வேண்டும். இன்னொன்று, அவர்களுடைய பட்டியலில் நீங்கள்தான் மிகச் சின்ன வாடிக்கையாளர் என்றால் உங்களுக்கு மிச்சம் மீதி நேரம்தான் கிடைக்கும்.

## "கியாரண்டி" பேக்கேஜ்

"300 தளங்களில் வரும், நிச்சயம்" என்று வரும் மெயில்களைப் பற்றி ஒரு வார்த்தை. வரும், பொய் சொல்லவில்லை. அந்தப் பிரஸ் ரிலீஸ் அப்படியே தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் மூலைப் பக்கங்கள் அவை, ஒரு மனிதரும் அதைப் படித்துத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். தேடலில் மேலே வரலாம் என்றும் சொல்வார்கள். காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகளை அப்படியே அடையாளம் காட்டச் சொல்லி கூகுள் 2019-லேயே அதற்கென்று தனிக் குறியீடு கொண்டுவந்துவிட்டது, அப்படிக் குறித்த லிங்க்குகள் பொதுவாகத் தேடலில் மேலே ஏற்றிவிடாது, அதனால் அந்த ஆசையும் வேண்டாம். பிரஸ் ரிலீஸ் விநியோகச் சேவைக்கு நியாயமான பயன் இல்லாமல் இல்லை. பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் முக்கியத் தகவலை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்க அதைப் பயன்படுத்துகின்றன. உங்கள் கவிதைத் தொகுப்புக்கு அது எதற்கு?

விக்கிப்பீடியா பக்கம் உருவாக்கித் தருகிறோம் என்பதும் இதே ரகம். காசு வாங்கிக்கொண்டு திருத்துகிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014-லிருந்து விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. மறைத்துச் செய்த பக்கம் நீக்கப்படலாம், அந்த விவாதமும் உங்கள் பெயரோடு அங்கேயே கிடக்கும்.

"வந்தால் மட்டும் காசு கொடுங்கள்" என்ற ஏற்பாடு கேட்க நியாயமாக இருக்கும். யோசித்துப் பாருங்கள், ஒரு வரவுக்கு ஒரு கட்டணம் என்றால், ஆறு மாதம் பின்தொடர வேண்டிய பெரிய இடத்தை விட்டுவிட்டுச் சுலபமாகக் கிடைக்கும் பத்து உப்புச்சப்பில்லாத இடங்களைப் பிடிக்கத்தான் யாரும் பார்ப்பார்கள்.

## பில்லில் முதலில் தெரியாதவை

கட்டணம் தவிர, அனுப்பும் பிரதிகள், கூரியர், புகைப்படக்காரர், பயணம் எல்லாம் தனி. இவற்றுக்கு உச்ச வரம்பு போட்டு, அதைத் தாண்டினால் என்னைக் கேட்ட பிறகுதான் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் நேரமும் செலவுதான்: வரைவுகளைப் பார்த்து ஒப்புதல் தருவது, திடீரென்று நாளைக் காலை பேட்டி என்றால் வேலையை விட்டு ஓடுவது. பி.ஆர்.ஓ வைத்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் என்று நினைப்பவர்கள்தான் கடைசியில் அதிகம் ஏமாறுகிறார்கள். அப்புறம், வருகிற கட்டுரை உங்களுக்குப் பிடித்த மாதிரி இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பொறுப்பான பத்திரிகையாளர்கள் பொதுவாகப் பிரசுரத்துக்கு முன் முழுக் கட்டுரையையும் காட்ட மாட்டார்கள், காட்டச் சொல்லி பி.ஆர்.ஓவை நச்சரித்தால் கெடுவது அவருடைய உறவு.

## ஆளை எப்படிப் பார்ப்பது

கடந்த ஒரு வருடத்தில், உங்கள் துறையில், உங்கள் அளவுள்ள ஆட்களுக்கு என்ன வாங்கித் தந்தார் என்று லிங்க்கோடு கேளுங்கள். பிரபலமான ஒருவருக்கு வந்த அட்டைப்படக் கட்டுரையைக் காட்டினால் அதில் உங்களுக்குத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை, அவருக்கு பி.ஆர்.ஓ இல்லாவிட்டாலும் வந்திருக்கும். லிங்க்குகளைத் திறந்து, எங்காவது மூலையில் "ஸ்பான்சர்டு" என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய வாடிக்கையாளர்களிடம் பேசுங்கள், குறிப்பாக நினைத்த அளவுக்கு வராத ஒருவரிடம். தோற்கும்போது அந்த ஆள் போனை எடுத்தாரா, வேறு வழி யோசித்தாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவர் பத்திரிகையாளருக்கு எழுதிய ஒரு பிட்ச் மெயிலை, அதாவது ஒரு விஷயத்தைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்கும் மெயிலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பத்திரிகையாளராக இருந்தால் இரண்டாவது வரியைத் தாண்டியிருப்பீர்களா? நேர்காணலில் எனக்குப் பிடித்த கேள்வி, "என் விஷயத்தில் பலவீனம் எது?" என்பது. எல்லாமே அருமை என்பவரை விட்டுவிடுங்கள். "இது பெரிய நாளிதழ்களுக்குப் போகாது, ஆனால் இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் எடுபடும்" என்று சொல்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுத் திட்டத்தையும் இலவசமாகக் கேட்காதீர்கள், அது அவர் பிழைப்பு.

அறிக்கையில் "இந்தக் கட்டுரை இத்தனை பணத்துக்கான விளம்பரத்துக்குச் சமம்" என்று கணக்குக் காட்டுவாரா என்றும் கேளுங்கள். அந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று 2010-ல் பார்சிலோனாவில் கூடிய, இந்தப் பலனை அளக்கும் துறையினரே கொள்கையாக அறிவித்துவிட்டார்கள். இன்னும் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் சொல்ல வேறெதுவும் இல்லாதவர்.

எழுத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை காலம், என்னென்ன வேலை, யார் செய்வார், உங்கள் ஒப்புதல் இல்லாமல் எது வெளியே போகக்கூடாது, நடுவில் விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, அதே மாதத்தில் உங்களோடு மோதுகிற இன்னொருவருக்கும் வேலை செய்கிறாரா. பத்திரிகையாளர்களின் தொடர்பு எண்களைத் தர மாட்டார், நியாயம்தான், அது அவர் சொத்து. எந்தெந்த இடங்களைத் தொட்டார், என்ன பதில் வந்தது என்பது உங்களுடையது, அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

## யாருக்கு எது

முதல் நாவல் அல்லது கவிதை: நாமே, கூட கொஞ்சம் ஆலோசனை. ஒரு துறையில் ஆழமான கட்டுரை நூல், வெளியீட்டுக்கு ஐந்தாறு மாதம் இருக்கிறது, இழக்கத் தாங்குகிற பணமும் இருக்கிறது: தனி பி.ஆர்.ஓ. புத்தகம் ஏற்கனவே வெளிவந்துவிட்டது: புதிய நிகழ்வோ ஆண்டுநாளோ வந்து உங்கள் விஷயத்தைத் தொடும்வரை பணத்தை வைத்திருங்கள், தொட்ட அன்று நீங்களே மெயில் அனுப்புங்கள். வளர்கிற நிறுவனம், அடிக்கடி அறிவிப்பு: சின்ன ஏஜென்சி, நீங்கள் அவர்களுக்கு முக்கியமான வாடிக்கையாளராக இருக்கும் அளவில். பிரச்சினையில் மாட்டிக்கொண்டவர்: அந்த வேலை தெரிந்தவர், அதுவும் வக்கீலோடு சேர்ந்து, இன்றைக்கே.

ஆளை வைத்த பிறகு முதல் மாதத்தில் கட்டுரைகளை எண்ணாதீர்கள், அதற்குள் வராது. என்ன பதில்கள் வந்தன என்று பாருங்கள்: "இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்பதும் பதில்தான். யாருமே பதில் சொல்லவில்லை என்றால் கோணம் தப்பு, இரண்டாவது மாதத்தில் அவர் வேறு கோணத்தோடு வர வேண்டும். அதே மெயிலைப் புதிய பட்டியலுக்கு அனுப்பியிருக்கிறார் என்றால் ஒப்பந்தத்தில் விலகல் பகுதியை எடுத்துப் படித்து, அன்றே முன்னறிவிப்பு கொடுத்துவிடுங்கள்.